காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் நடுவில் ஒரு பாடவேளை

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, கல்முனை வீதியில் தெற்கே வந்தால் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே வரும். வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் தொடங்கினால் காத்தான்குடி வந்துவிட்டது. மரங்கள் முடிந்தால் ஊரைத் தாண்டிவிட்டோம். இந்த எல்லையின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே தமிழில் படிக்கிறார்கள். ஒரே வரலாற்றுப் பாடநூல், ஒரே நாளில் அதே சாதாரண தரப் பரீட்சை. ஆனால் தரம் ஒன்றிலிருந்து பதினொன்று வரை ஒரு வகுப்பறையில்கூட அவர்கள் சேர்ந்து உட்காருவதில்லை.

நம் இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் என்று முதல் பிரிவு. தமிழ் மொழிமூலத்துக்குள்ளேயே முஸ்லிம் பாடசாலைகள் தனி. அதற்கும் மேலே சமய பாடம் கட்டாயம், அதிலும் அவரவர் சமயம் மட்டும். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், மற்றவர்களுக்குப் பௌத்தம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம். பதினொரு வருடம் படித்து முடித்த ஒரு பிள்ளைக்குப் பக்கத்து ஊர்க்காரர் எதை நம்புகிறார், ஏன் நோன்பு பிடிக்கிறார், ஏன் தீ மிதிக்கிறார் என்று யாருமே சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த இடம் காலியாகவும் இருந்துவிடாது. வட்ஸ்அப்பும், சந்திக் கடையும், கோபத்தில் பேசும் ஒரு மாமாவும் அதை நிரப்பிவிடுவார்கள்.

நான் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை. மேலே சொன்ன எல்லையின் தமிழ்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் வேலை. எல்லையின் மறுபக்கத்துப் பாடசாலை ஒன்றின் மௌலவி ஆசிரியரும் நானும் சேர்ந்து சில காலமாக ஒரு வேலை செய்துவருகிறோம். அதைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள், எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள்தான் அதிகம் அகப்பட்டார்கள். கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என்று அன்றைக்கு 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைச் செய்த கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் காத்தான்குடிக்காரன். அந்த ஒரு வரி எங்கள் பக்கத்தில் எத்தனை உறவுகளை முறித்தது என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்று துண்டுப் பிரசுரமும் குறுஞ்செய்தியும் வந்தன. தமிழ்ப் பாடசாலைகளில் கற்பித்த முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் இடமாற்றம் கேட்டுப் போக வேண்டிவந்தது. காலையில் பாடசாலை வாசலில் பெற்றோர் வரிசையாக நின்று பிள்ளைகளின் புத்தகப்பைகளைச் சோதித்தார்கள்.

இந்தப் பக்கத்தில் பலர் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. சஹ்ரானை முதலில் எதிர்த்தவர்களும், அவனைப் பற்றி முதலில் அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். இளவயதில் படித்த மதரசாவே அவனை வெளியேற்றியது. 2017 மார்ச்சில் அவனது ஆட்கள் காத்தான்குடியில் கைகலப்புக்குப் போனது தமிழரோடும் இல்லை, கிறிஸ்தவரோடும் இல்லை. சூஃபி வழியைப் பின்பற்றும் அதே ஊர் முஸ்லிம்களோடு. அதற்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். தீவிரவாதம் எப்போதும் முதலில் தன் வீட்டுக்குள் இருக்கும் வேறுபாட்டைத்தான் வெட்டும், அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்கு வரும். இதை என் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "அப்ப அவங்களும் பயந்துதான் இருந்தவங்களா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஓம் மகள், பயந்துதான் இருந்தார்கள் என்றேன்.

கல்வி இருந்தால் தீவிரவாதம் வராது என்று மேடைகளில் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்தத் தாக்குதலில் ஈடுபட்டவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், வெளிநாட்டில் படித்தவனும் இருந்தான். 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனயிலும் முஸ்லிம் கடைகளை எரிக்கத் தூண்டியவர்களும் எழுத்தறிவு இல்லாதவர்கள் இல்லை. ஆகவே எதைப் படிக்கிறோம், யாரோடு உட்கார்ந்து படிக்கிறோம் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

சர்வமதக் குழுக்களை நான் குறைத்துப் பேசவில்லை. தேசிய சமாதானப் பேரவை போன்ற அமைப்புகள் மாவட்டந்தோறும் அமைத்த குழுக்களில் இருக்கும் குருக்கள், மௌலவி, பாதிரியார், பிக்கு பலரை எனக்குத் தெரியும். உண்மையான அக்கறை உள்ளவர்கள். 2019 மே மாதம் நீர்கொழும்பில் கத்தோலிக்கருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மோதல் வந்தபோது கர்தினால் மல்கம் ரஞ்சித் நேரே அங்கே போய்ப் பழிவாங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அந்த வார்த்தை எத்தனையோ உயிரைக் காத்திருக்கும். ஆனால் ஒரு வாரம் கழித்து வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்தன. கல்லெறிய வந்த இளைஞர்கள் எந்தச் சர்வமதக் கூட்டத்திலும் உட்கார்ந்தவர்கள் இல்லை. அந்த வயதுப் பிள்ளைகளிடம் நாம் போவது எப்போது? அவர்கள் பதினான்கு, பதினைந்து வயதில் எங்கள் வகுப்பறையில்தான் இருக்கிறார்கள். அப்போது பிடிக்காவிட்டால் பிறகு பிடிக்க முடியாது.

எங்கள் கிழக்கு மாகாணத்தில் மேடை ஏறும் எல்லாரும் "தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று தொடங்குவார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், அதில் உண்மையும் இருக்கிறது. தாய்வழியில் வரும் குடி முறை இரண்டு பக்கத்திலும் உண்டு. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காரும் குடிவழியில் தெரிவாகும் வழக்கம் ஒரே மாதிரி. ஆனால் இதைச் சொல்லிவிட்டு, 1990இல் இரண்டு பக்கத்திலும் நடந்த கொலைகளைப் பற்றி வாயே திறக்காமல் இறங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது தெரிகிறது.

சரி, நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். தரம் 9, 10 பிள்ளைகள். ஒவ்வொரு தவணையிலும் இரண்டு பாடசாலையும் சந்திக்கும். ஒருமுறை எங்கள் பக்கம், மறுமுறை அவர்கள் பக்கம். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பெற்றோர் கையொப்பம், இரண்டு அதிபர்களின் சம்மதம் எல்லாம் எடுத்துத்தான். நாள் குறிக்கும்போது நோன்பு மாதமா, கோயில் திருவிழாவா, விரத நாளா என்று பார்த்துத்தான் குறிப்போம். சாப்பாட்டில் தொடக்கத்திலேயே ஒரு தெளிவு வேண்டியிருந்தது. அதனால் வாழைப்பழம், பிஸ்கட், பிளேன்டீ என்று எல்லாரும் தயங்காமல் கைநீட்டக் கூடியதை மட்டுமே வைத்தோம். கோயிலுக்குப் போனால் முஸ்லிம் பிள்ளைகள் திருநீறு பூசவோ பிரசாதம் எடுக்கவோ வேண்டியதில்லை. பள்ளிவாசலில் எங்கள் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் எதையும் ஓதச் சொல்லமாட்டார்கள். இதை முதல் கடிதத்திலேயே எழுதிப் பெற்றோருக்கு அனுப்பினோம். பாதிப் பயம் அந்தக் கடிதத்தோடு போய்விட்டது.

மௌலவி சேர் முதல் நாளே ஒரு நிபந்தனை வைத்தார். "டீச்சர், எல்லா மதமும் ஒன்றுதான் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேணாம். எங்களுக்கு ஏகத்துவம் அடிப்படை. அதை விட்டுக்கொடுத்துக் கதைச்சா வாப்பாமார் நாளைக்கே பிள்ளைகளை நிப்பாட்டிருவாங்க, அது நியாயமும்தான்." எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எனக்கும் சைவம் வெறும் நற்சிந்தனை இல்லை. என் அம்மம்மா வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு நேர்ந்துகொள்வது மற்ற எதற்கும் சமமான ஒரு விஷயம் என்று சொன்னால் அவவே ஒத்துக்கொள்ளமாட்டா. வேறுபாட்டை அழிக்காமல், அந்த வேறுபாட்டோடு ஒரே வீதியில் எப்படி இருப்பது என்பதைத்தான் பிள்ளைகள் பழக வேண்டும் என்று அன்றைக்கே இருவரும் முடிவெடுத்தோம்.

அதற்கு வழியாக அமைந்தது ஒரு பெட்டி. பழைய சப்பாத்துப் பெட்டிதான், மூடியில் ஒரு கீறல். சந்திப்புக்கு ஒரு கிழமைக்கு முன்பே இரண்டு பாடசாலையிலும் வைப்போம். மற்றப் பக்கத்தாரிடம் கேட்க நினைப்பதைப் பெயர் எழுதாமல் எழுதிப் போடலாம். ஏச்சுப் பேச்சு மட்டும் கூடாது. என்னிடம் அந்தத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. சிலவற்றை அப்படியே தருகிறேன்.

"உங்கட முருகனுக்கு ஆறு தலையெண்டா படுக்கக்குள்ள என்ன செய்வாரு?"

"நோன்போட எச்சில் முழுங்கினா நோன்பு முறியுமா?"

"பள்ளிக்குள்ள சிலை ஒண்டும் இல்லாட்டி எதைப் பாத்துக் கும்பிடுவீங்க?"

"கோயிலுக்குள்ள ஆம்பிளையள் ஏன் சேட்டைக் கழட்டுற?"

"சஹ்ரானை நீங்க நல்லவன் எண்டு நினைச்சீங்களா?"

"எங்கட பள்ளிக்குள்ள தொழுதுகொண்டிருந்தவங்களை இயக்கம் சுட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"வீட்டில எங்களை நீங்க என்ன பேர் சொல்லிக் கதைப்பீங்க?"

விதி ஒன்றுதான். பதிலை முதலில் அந்தச் சமயத்துப் பிள்ளைகளே சொல்ல வேண்டும், பிறகுதான் ஆசிரியர். ஆறு முகம் பற்றிய கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பையன் எழும்பி, சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாக இருந்ததை அம்மா சேர்த்து அணைத்தபோது ஒன்றானது என்று சொன்னான். எப்படிப் படுப்பார் என்பது தெரியாது, அம்மம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். எச்சில் விழுங்கினால் நோன்பு முறியாது என்று முஸ்லிம் பிள்ளைகள் உடனே சொன்னார்கள், ஆனால் அதற்கு அடுத்த கேள்வியில் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. மௌலவி சேர் வந்து தீர்த்துவைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தம் சமயத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்காத பிள்ளை இருந்திருக்காது. சமயங்களைக் கலந்து ஒரு பொதுப் பாடமாக்க வேண்டும் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் சமயத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைதான் மற்றவருக்கு நிதானமாக விளக்கம் சொல்லும், மற்றவர் சொல்வதையும் பயமில்லாமல் கேட்கும். சமய பாடம் இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் இப்படி ஒரு பாடவேளையும் இருக்கட்டும்.

வீட்டில் என்ன பேர் சொல்லிக் கதைப்பீர்கள் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் பதில் தெரியும். நானும் மௌலவி சேரும் கட்டாயப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே விட்டோம். பிறகு ஒரு முஸ்லிம் பிள்ளை எழும்பி, "நாங்களும் சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கு மேல் நாங்கள் விளக்கம் ஒன்றும் சேர்க்கவில்லை.

பள்ளிவாசலில் சுட்டது பற்றிய துண்டை எடுத்தபோது எங்கள் பிள்ளைகளில் அநேகருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. எங்கள் வரலாற்றுப் பாடநூல்கள் அந்தப் பக்கத்துக்குப் போவதே இல்லை. 1990 ஆகஸ்ட் 3, இரவுத் தொழுகை நேரம். காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனிய்யாப் பள்ளிவாசலிலும் விடுதலைப் புலிகள் சுட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிறுவர்களும் அதில் அடக்கம். எட்டு நாள் கழித்து ஏறாவூரிலும் அதுபோல் நடந்தது. அதே ஆகஸ்டில் அம்பாறை மாவட்டம் வீரமுனையில், சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள் என்பது தப்பியவர்களின் சாட்சியம். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் விரட்டப்பட்டார்கள்.

இதை மறைத்துவிட்டு நல்லிணக்கம் பேச முடியாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தோம். பெற்றோரிடம் தனியாகச் சம்மதம் கேட்டு, பிள்ளைகளைக் காத்தான்குடிப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனோம். சுவரில் குண்டு துளைத்த அடையாளங்களை அங்கே அப்படியே வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இரவு சிறுவனாக உள்ளே தொழுதுகொண்டிருந்து தப்பிய ஒருவர் பேசினார். எந்த இடத்தில் நின்றேன், வாப்பா எந்த வரிசையில் நின்றார், எவ்வளவு நேரம் உடல்களுக்கு அடியில் கிடந்தேன் என்று குரல் உயர்த்தாமல் சொன்னார். "உங்களில யாரையும் குத்தம் சொல்லக் கூப்பிடல்ல மகன்மார், உங்களுக்குத் தெரிய வேணும் எண்டு கூப்பிட்ட" என்று முடித்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கை உயர்த்தி, தன் அம்மம்மா வீரமுனையில் இருந்து ஓடி வந்தவ என்றாள். அவர் எழும்பி வந்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, "சொல்லு மகள், அவங்களுக்கு என்ன நடந்த?" என்று கேட்டார். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவர் இடையில் ஒரு சொல் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு யூஜின் ஹேபியர் அடிகளாரைப் பற்றியும் சொன்னேன். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். அந்த நாட்களில் மட்டக்களப்பு அமைதிக் குழுவில் இருந்து எல்லாப் பக்கத்துக்கும் போய்வந்தவர். 1990 ஆகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து திரும்பி வரும்போது கூட வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இன்றுவரை தடயம் இல்லை. எங்கள் நகரத்தில் இந்த வேலை எவ்வளவு விலை கொடுத்துச் செய்யப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகள் அறிய வேண்டும்.

வதந்தி பற்றி ஒரு பாடம் வைத்திருக்கிறோம். அதற்கு அம்பாறை கொத்துக் கடைச் சம்பவத்தைத்தான் எடுப்பேன். 2018 பெப்ரவரி 26 இரவு. முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கட்டியாக ஏதோ இருந்ததைப் பார்த்து, மலட்டு மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் மிரட்டிக் கேட்கிறார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் தடுமாறி ஆமாம் என்பதுபோலச் சொல்லிவிடுகிறார். அதைப் படம் பிடித்து முகநூலில் போடுகிறார்கள். அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பிறகு சொன்னது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை. ஒரு கிழமைக்குள் திகன எரிந்தது, அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. 2020இல் முகநூல் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. கடைக்காரருக்கு என்ன கிடைத்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

இதைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகமாட்டேன். பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, அந்த வீடியோ உங்கள் போனுக்கு இரவு ஒன்பது மணிக்கு வருகிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். யார் அனுப்பியது, எப்போது எடுத்தது, வீடியோ எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, டொக்டர் யாரிடமாவது கேட்கலாமா, எதிர்ப்பக்கத்தில் கேட்க ஒரு ஆள் இருக்கிறாரா. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆளையாவது தெரிந்திருந்தால் பிள்ளை கேட்டுப் பார்க்கும். தெரியாவிட்டால் அனுப்பிவிடும். எங்கள் சந்திப்புக்கு வந்த பிள்ளைகள் இப்போது ஒருவரையொருவர் போனில் கூப்பிடுகிறார்கள். கணக்குப் பாட ஒப்படைக்குத்தான் பெரும்பாலும். பரவாயில்லை, அதுவே போதும்.

எதிர்ப்பும் இருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. ஒரு தந்தை என்னிடம் நேரே வந்து, "டீச்சர், என்ட மகளை அவங்க மாத்திப்போட்டா யார் பொறுப்பு?" என்று கேட்டார். மௌலவி சேரிடமும் அதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். அந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. அவரை அடுத்த சந்திப்புக்கு வந்து பின்வரிசையில் இருக்கச் சொன்னேன். வந்தார், முழுநேரமும் இருந்தார், மகளைத் தொடர்ந்து அனுப்புவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அது அவருடைய உரிமை. வாருங்கள், பாருங்கள் என்று கூப்பிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

கல்வி அமைச்சு 2008ஆம் ஆண்டிலேயே சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நல்ல கொள்கை, வாசித்திருக்கிறேன். ஆனால் அது பாடவேளை அட்டவணைக்குள் வரவில்லை. பரீட்சைக்கு வராத எதற்கும் நேரம் ஒதுக்க அதிபர்களுக்கு முடிவதில்லை. பஸ் கூலிக்கு நாங்கள் பழைய மாணவரிடம் கேட்கிறோம். இதை நடத்தும் ஆசிரியர் இடமாற்றமாகிப் போனால் வேலையும் அவரோடு போய்விடுகிறது. ஒரு தவணைக்கு ஒரு நாள், இரண்டு பாடசாலை, ஒரு பஸ். வலய மட்டத்தில் ஒரு சுற்றுநிருபம் வந்தால் நாளைக்கே எத்தனையோ ஊர்களில் தொடங்கலாம்.

வரும் வருடம் அம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களப் பாடசாலையையும் சேர்க்க முயற்சி செய்கிறோம். மொழிபெயர்க்க எங்கள் இரண்டாம் மொழி வகுப்புப் பிள்ளைகளையே தயார்படுத்துகிறோம், பெட்டிக்குள் வரும் துண்டுகளை அவர்கள்தான் சிங்களத்தில் வாசிக்க வேண்டும். ஓட்டமாவடி - வாழைச்சேனை, மூதூர், மன்னார் போன்ற இடங்களில் கற்பிப்பவர்கள் இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால் எனக்கு எழுதுங்கள். பெற்றோருக்கு அனுப்பிய கடிதம், பணிமனைக்குக் கொடுத்த விண்ணப்பம், சந்திப்பின் நேர ஒழுங்கு மூன்றும் தட்டச்சில் இருக்கின்றன, உடனே அனுப்பிவைக்கிறேன்.